முதலாளியின் இடது காது

போன வருடம் முதலாளி இறந்தபோது சிம்மக்கல் முழுக்கச் சுவரொட்டி. ‘தொகுதி மக்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்த பெருந்தகையே’ என்று ஒன்றில் அச்சடித்திருந்தார்கள். டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த நான் அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் தீப்பெட்டி கேட்டேன். வேறு என்ன செய்வது? அந்தப் பெயர்களை அவர் காதில் போட்டவன் நான்தான்.

சட்டமன்ற உறுப்பினர்களோடு புதிதாகச் சுற்ற ஆரம்பித்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். தலைவருக்குச் சற்றுப் பின்னால், இடது பக்கம் நிற்கிறீர்கள். எதிரே வருகிறவர் யார், எந்த ஊர், அவர் வீட்டில் நல்லது கெட்டது என்ன என்பதை, அவர் கை கூப்புவதற்குள் தலைவர் காதில் சொல்லிவிடுகிறீர்கள். இப்போதெல்லாம் போனில் படத்தோடு வைத்துக்கொள்கிறீர்களாம். எங்களுக்குத் தலைதான். மனுவை எப்படி வாங்குவது, மாலையை யார் கையில் கொடுப்பது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் தானாக வந்துவிடும். எப்போது வாயை மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்பது மட்டும் வராது. எனக்குக் கடைசிவரை வரவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் ஓடிப்போனவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் பரோட்டாக் கடை, பிறகு நாக்பூர் வரை போகும் லாரியில் கிளீனர். படுக்க இடம் கிடைத்தால் அது என் ஊர். அப்படித்தான் ஒரு நாள் வத்தல் மூட்டைகளோடு சிம்மக்கல்லில் முதலாளியின் கமிஷன் மண்டி வாசலில் வந்து இறங்கினேன்.

முதலாளியின் குடும்பம் மதுரைக்கு மேற்கே மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். அவர் அப்பா உழுதார், இவர் விற்றார். அதே மண்டிக்கு நாலைந்து லோடு வந்துபோன பிறகு, ஒரு நாள் விளைச்சலை விற்க ஒரு சம்சாரி மண்டிக்குள் நுழைந்தார். முதலாளிக்கு முகம் தெரிகிறது, ஆள் யாரென்று பிடிபடவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நான் சும்மா இருக்க மாட்டாமல் மெதுவாகச் சொன்னேன்: “இவுக பேரையூர்ப் பக்கம். போன தடவ வந்தப்ப மாடு படுத்துருச்சுன்னு சொல்லிட்டிருந்தாக.”

முதலாளி என் பக்கம் திரும்பவேயில்லை. “வாங்க மாமா, மாடு எந்திரிச்சிருச்சா?” என்றார்.

அந்த மனிதர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த கடைக்குக் கொண்டுபோக இருந்த மூட்டையை இங்கேயே இறக்கினார். அவர் போனபிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“நீ எந்த ஊருடா?”

“எல்லா ஊரும்தான் மொதலாளி.”

“அப்ப இங்கயே கெட. லாரிக்காரனுக்கு வேற ஆளு கெடைப்பான்.”

இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். “பேரு மொதல்ல. உறவு ரெண்டாவது. துக்கம் மூணாவது. சந்தோசத்தை விசாரிக்காதடா. விசாரிச்சா வயித்தெரிச்சல்ல கேக்குறான்னு நெனப்பாய்ங்க. துக்கத்தை விசாரி. காலத்துக்கும் மறக்க மாட்டாய்ங்க.” அந்தத் துக்கங்களால்தான் அவர் வளர்ந்தார். விளாங்குடி தாண்டி திண்டுக்கல் ரோட்டில் பருப்பு மில் வைத்தார். வியாபாரிகள் சங்கத்தில் தலைவரானார். கட்சியில் சீட்டு வாங்கினார், ஜெயித்தார். மண்டியில் நின்ற அதே இடத்தில்தான் சட்டமன்ற உறுப்பினருக்குப் பின்னாலும் நான் நின்றேன். இடது தோளுக்குப் பின்னால்.

கெட்ட மனிதர் என்று எழுதிவிட்டுப் போனால் உங்களுக்கு எளிதாக இருக்கும். ஒருமுறை எனக்கு மஞ்சள்காமாலை வந்து மண்டி மாடியில் கிடந்தேன். அவரே காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு மருந்து கொடுக்கிறவரிடம் போனார். உப்பில்லாத கஞ்சி அவர் வீட்டிலிருந்து வந்தது. நடிப்பில்லை. அவரிடம் அன்பும் வியாபாரமும் ஒரே பையில் கிடந்தன. கையை விட்டால் எது வரும் என்று அவருக்கே தெரியாது.

அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு ஒரு கல்யாணத்தைச் சொல்கிறேன். விளாங்குடிப் பக்கம் ஒரு மண்டபம். எதிரே வந்த பெரியவருக்கு சிங்கப்பூரில் ஒரு மகன் இருப்பது எனக்குத் தெரியும். சொன்னேன். “என்ன மாமா, சிங்கப்பூர்க்காரன் தங்கச்சி கல்யாணத்துக்கு வரலையா?” என்று முதலாளி சத்தமாகக் கேட்டார். மகன் அங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதும், பெரியவர் அவனைத் தலைமுழுகிவிட்டதும், எங்கள் காதுக்கு வராத சேதி.

“அந்தப் பேச்சு எனக்கு ஆகாது” என்றார் பெரியவர்.

முதலாளி கொஞ்சமும் அசையவில்லை. பெரியவர் தோளில் கையைப் போட்டு, “தெரியும் மாமா. தெரிஞ்சுதான் கேட்டேன். இம்புட்டுச் சனத்துக்கு முன்னால உங்க காதுல அவன் பேச்சை எடுக்க வேற யாருக்குத் துணிச்சல் இருக்கு? போனைப் போடச் சொல்லுங்க, நான் பேசுறேன்” என்றார். போனைப் போட்டார்கள். அப்பனும் மகனும் அழுதார்கள். மண்டபமே அழுதது. வெளியே வந்து காரில் ஏறியதும் என் பின்மண்டையில் ஒரு தட்டு. “அடுத்த தடவ காலைல வரைக்கும் விசாரிச்சுட்டு வாடா, மடையா.”

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். போன மாதம் தெரிந்ததை இன்றைக்குச் சொல்லாதீர்கள். ஆனால் அன்று நான் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கற்றிருக்க வேண்டும். தெரியாத இடத்தில்தான் அந்த மனிதர் முழு பலத்தோடு நிற்பார். அது எனக்கு உறைக்கவில்லை.

மில்லில் மாரிச்சாமி என்றொரு பையன் வேலை பார்த்தான். டி. கல்லுப்பட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு காலனி. அவன் ஆத்தா பேச்சியம்மா களை எடுத்து, பருத்தி எடுத்து வளர்த்தவள். பருப்பை மேலே ஏற்றும் பெல்ட்டுக்கு அடியில் ஒரு குழி உண்டு. சிந்துவதை அள்ளி மேலே போடுவது அவன் வேலை. தூசி தும்புக்குப் பயந்து அவன் ஆத்தாவின் பழைய சேலைத் துணியை மூக்கில் கட்டியிருப்பான். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவான். என்னை ‘பேரண்ணே’ என்பான், நான் பெயர் சொல்லிப் பிழைப்பதால்.

“என்ன பேரண்ணே, எம்பேரை எப்ப மொதலாளி காதுல போடப் போறீக? ஆளைப் பாத்து ஒரு வார்த்த கேட்டாகன்னா, மேஸ்திரி எனக்கு நெரந்தர வேலை போட்டுக் குடுத்துருவாரு.”

“உனக்கு ஓட்டு எங்க மாப்ள?”

“கல்லுப்பட்டிப் பக்கந்தான்.”

“அது வேற தொகுதிடா. உம்பேரை வச்சு மொதலாளி என்ன செய்வாரு, ஊறுகாயா போடுவாரு?”

அவனும் சிரித்தான். எங்கள் தொழிலில் அது வேடிக்கைப் பேச்சு இல்லை, நடைமுறை. ஓட்டில்லாத பெயருக்குக் காதில் இடம் கிடையாது.

தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விடிகாலையில் பெல்ட் அவன் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான். மேஸ்திரி போலீஸிடம் என்ன சொல்லிவிட்டார் தெரியுமா? ‘வெளியாள். சாக்குத் திருடச் சுவர் ஏறி உள்ளே குதித்தான், இருட்டில் பெல்ட்டில் மாட்டிக்கொண்டான்.’ இதை மேஸ்திரி தானாகச் சொன்னாரா, சொல்லச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. முதலாளி அதை மாற்றவில்லை என்பது தெரியும்.

மறுநாள் கல்லுப்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறையச் சனம் வந்து பிணவறை வாசலில் உட்கார்ந்துவிட்டது. உடலை வாங்க மாட்டோம் என்றார்கள். நம் ஊர்ப்பக்கம் ஏழைக்கு இருக்கிற கடைசி வழி அது. செத்தவனை வைத்துத்தான் உயிரோடு இருக்கிறவனைப் பேச வைக்க முடியும். பேச்சியம்மா கேட்டது ஒன்றே ஒன்று. ‘அவன் எங்க மில்லு ஆளு, திருடன் இல்ல’ என்று முதலாளி வாயால் சொல்ல வேண்டும், போலீஸ் அதை எழுத வேண்டும். அதற்குமுன் பிள்ளையை எரிக்க மாட்டேன் என்றாள்.

பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்றதும் முதலாளி கிளம்பினார். காரில் என்னைக் கேட்டார்: “யாரைத் தொட்டா மத்தவன் அடங்குவான்?”

நான் கல்லுப்பட்டியில் ஒரு டீக்கடைக்காரருக்குப் போன் போட்டு விசாரித்தேன். “பேச்சியம்மாவுக்கு அண்ணன் கருப்பையா. அவர் சொன்னாத்தான் ஊரு கேக்கும். மக நர்சு படிப்புக்குச் சேந்து பாதியில நிக்குது” என்றேன்.

“வேற?”

அவ்வளவுதான். செத்தவன் பேரை அவர் கேட்கவில்லை. கேட்பார் கேட்பார் என்று சிம்மக்கல் தாண்டிப் பாலம் ஏறும்வரை காத்திருந்தேன். கேட்கவில்லை.

பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் கூட்டம். முதலாளி நேராகக் கருப்பையாவிடம் போனார். “கருப்பையா அண்ணே, உங்க மக படிப்பு நின்னுபோச்சாமே. நான் உசிரோட இருக்கேன்ல? எங்கிட்ட வந்து சொல்ல வேணாமா?” கருப்பையா எதிர்பார்க்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அந்தத் துண்டு இறங்கியதுமே பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது.

அப்போதுதான் தரையிலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது.

“எங்கண்ணன் பேரு தெரியுது. அவன் மக படிப்பு தெரியுது. உள்ள கெடக்கானே, அவன் பேரு என்ன?”

முதலாளி அவளைப் பார்த்தார்.

“உன் மில்லுக்குழிக்குள்ள கெடந்து பருப்பு அள்ளுனவன். தெனம் நீ காருல போறப்ப ஒதுங்கி நின்னவன். அவன் பேரை மட்டும் சொல்லு. நான் எந்திரிச்சு, புள்ளையத் தூக்கிட்டுப் போறேன்.”

முதலாளியின் இடது தோள் என் பக்கம் சாய்ந்தது. ஒரு விரல்கடை கூட இருக்காது. எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சாய்வு. மண்டி வாசலிலிருந்து சட்டமன்றம் வரைக்கும் அந்தச் சாய்வுக்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் என்ன நடக்கும்? ‘எங்க மாரிச்சாமியைத் தெரியாதா ஆத்தா’ என்பார். கூட்டம் உருகும். உடலை வாங்கிக்கொண்டு போவார்கள். எரித்தபிறகு, திருட வந்தவன் என்று எழுதியது எழுதியபடி நிற்கும். சொல்லாவிட்டால், செத்தவன் பெயர்கூடத் தெரியாமல் வந்து நிற்கிறார் என்பதை ஊரும் பத்திரிகையும் பார்க்கும். கருப்பையாவின் துண்டு மறுபடி தோளுக்கு ஏறும். இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்து முடிவு செய்தேன் என்று சொன்னால் பொய். பின்னால் வருடக்கணக்கில் யோசித்தது. அப்போது வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளியின் செருப்புக்கால் என் காலை மிதித்தது. நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு கணம் அவர் பிடரி விறைத்தது. பிறகு அவர் செய்ததை நான் இன்றுவரை வேறு எந்த அரசியல்வாதியிடமும் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டியோடு பேச்சியம்மாவுக்கு எதிரே அந்தப் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“வாய் வரலையே ஆத்தா! அந்தப் பேரைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரலையே! எம்புள்ளையா இருந்தா இந்நேரம் நான் பேரைச் சொல்லிக்கிட்டா நிப்பேன்?”

கண்ணீர் வந்தது. நிஜமான கண்ணீர். அந்த ஒரே பையிலிருந்து வந்தது அன்பா, வியாபாரமா என்று கேட்காதீர்கள்.

எங்கள் பக்கத்தில் காலனி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலாளியின் சாதிசனத்தில் நிறையவே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டு மனிதர், சட்டமன்ற உறுப்பினர், அவர்களோடு புழுதியில் உட்கார்ந்து அழுகிறார். பெண்கள் வாயில் சேலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். கேமராக்காரர்கள் மண்டியிட்டார்கள். கருப்பையா பதறிப்போய் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கினார்.

“அய்யா, எந்திரிங்கய்யா, நீங்க போயி தரையில... ஏ தங்கச்சி, எந்திரி. இம்புட்டுப் பெரிய மனுசன் ஒனக்காக அழுதுட்டாக. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?”

“பேரு சொல்லலண்ணே” என்றாள் பேச்சியம்மா. “அழுதாக. பேரு சொல்லல.”

“போதும்டி. புள்ள நாறிப்போவான்.”

அவள் பக்கம் யாரும் இல்லை. வேனில் வந்தவர்கள் உடலை வாங்கிக் கையெழுத்துப் போட உள்ளே போக ஆரம்பித்தார்கள். அப்போதுதான் நான் பேசினேன். காதில் இல்லை, வாய்விட்டு.

“அவன் பேரு மாரிச்சாமி. நம்ம மில்லுலதான் வேலை பாத்தான். எங்கூடத்தான் தெனம் சாப்பிடுவான். அவன் சுவர் ஏறிக் குதிக்கல, வாசல் வழியா வேலைக்கு வந்தவன்.”

எத்தனையோ பெயர் சொன்னவன் நான். ஒன்றைக்கூட அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. ஓரமாக நின்ற போலீஸ்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார், பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார். கருப்பையா, “எல்லாம் அடங்கின பெறகு எதுக்குண்ணே கெளப்புறீக?” என்றார். முதலாளி என் தோளில் கை போட்டார். “பாவம், கூடச் சாப்பிட்ட பயல்ல. மனசு ஒடஞ்சுபோயிட்டான். கூட்டிட்டுப் போயி ஒரு டீ வாங்கிக் குடுங்கப்பா” என்றார் கட்சிக்காரர்களிடம். அவர் குரலில் கோபமே இல்லை. என் வார்த்தையையும் துக்கத்தில் சேர்த்துவிட்டார்.

அவர்கள் என் கையைப் பிடித்தபோது பேச்சியம்மா எழுந்து எதிரே வந்து நின்றாள்.

“இன்னொரு தடவ சொல்லுய்யா.”

சொன்னேன். அதற்குள் அமரர் ஊர்தியை வாசலுக்குப் பின்னோக்கி எடுக்கிற சத்தம். அவளுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

அன்றோடு என் வேலை போயிற்று. யாரும் போகச் சொல்லவில்லை. அடுத்த நாள் காரில் என் இடத்தில் வேறொருவன் இருந்தான், அவ்வளவுதான். நான் பழையபடி ஒரு லாரி ஆபீசில் ஒட்டிக்கொண்டேன். முதலாளி மறுபடியும் ஜெயித்தார். அவர் புழுதியில் உட்கார்ந்திருந்த படம் ஊரெல்லாம் பிளெக்ஸ் பேனராக நின்றது.

தேர்தல் முடிந்த பிறகு பேச்சியம்மா விசாரித்து விசாரித்து லாரி ஆபீசுக்கு வந்தாள். வெயிலில் நடந்து கால் வெடித்திருந்தது.

“அன்னைக்குச் சொன்னத போலீசுல வந்து சொல்லுவியா?”

“சொல்றேன்” என்றேன்.

போனோம். எஸ்.ஐ. பொறுமையானவர். எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். “நீங்க யாரு? மில்லுல என்ன வேலை பாத்தீங்க?” என்று கேட்டார். முதலாளியின் உதவியாளர் என்றேன். அவர் எங்கள் முன்னாலேயே மில்லுக்குப் போன் போட்டு என்னைப் பற்றி விசாரித்தார், எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார். மேஸ்திரியின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

“அப்படி ஒரு ஆளு நம்ம மில்லுலயும் இல்ல சார், மண்டியிலயும் இல்ல. மொதலாளியப் பாக்க தெனம் நூறு பேரு வாரான். வாரவனெல்லாம் நம்ம ஆளாயிருவானா?”

பேப்பரில் வந்த படங்களில் நான் இருப்பேன் என்றேன். எஸ்.ஐ. சலிக்காமல் ஒரு பழைய பேப்பரைத் தேடி எடுத்தார். முதலாளியின் தலைக்குப் பின்னால் ஒரு சட்டையின் தோள்பட்டை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய காது இருந்தது. சம்பளம் கையில் வாங்கியவன். தூங்கியது மண்டி மாடி. காட்டுவதற்கு வேறு ஒன்றும் என்னிடம் இல்லை.

“இதை வச்சு நான் என்னங்க எழுதுறது?” என்றார் எஸ்.ஐ. வருத்தமாகத்தான் கேட்டார்.

வெளியே வந்தோம். பேச்சியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

“உன்னையும் செவரேறிக் குதிச்சவன்னு சொல்லிட்டாய்ங்களேய்யா” என்றாள்.

தம்பிகளே, சேர்ந்த முதல் நாளே உங்கள் பெயர் போட்ட அடையாள அட்டையைக் கேளுங்கள். ‘நமக்குள்ள எதுக்குடா அது?’ என்று சிரிப்பார்கள். சிரித்தாலும் கேளுங்கள். என்றைக்காவது ஒரு நாள் நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டி வரும். அன்று உங்களிடம் முதலில் கேட்கப்போவது, நடந்தது உண்மையா என்று இல்லை. நீ யார் என்றுதான்.